பெண் புனிதர்களிடமிருந்து வலிமை பெற: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கத்தோலிக்கத் திருஅவை புனிதர் என்று அறிவித்த பெண்களின் வரிசை மிக நீண்டது. அதில் அரசியும் உண்டு, அடிமையும் உண்டு. மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் உண்டு, சில ஆண்டுகளே பள்ளிக்குப் போனவரும் உண்டு. ஐந்து பிள்ளைகளோடு கைம்பெண்ணானவர், குழந்தை மருத்துவர், பத்தொன்பது வயதில் தீயிலிடப்பட்ட குடியானவர் வீட்டுப் பெண் என எல்லா நிலையினரும் அங்கே இருக்கிறார்கள். இவர்களிடமிருந்து ஊக்கம் பெற வேண்டும் என்று ஆவலோடு தொடங்குபவர்களில் பலர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். எல்லாரையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்கிறார்கள். யாரோடும் நெருங்கிப் பழகுவதில்லை. நாளுக்கொரு புனிதர், நாளுக்கொரு பொன்மொழி என்று படித்துக்கொண்டே போனால் நெஞ்சில் எதுவும் தங்காது.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு புனிதரோடு சில மாதங்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றியது. அவர் செய்த அற்புதங்களைவிட, அவர் திணறிய இடங்களைக் கூர்ந்து பார்ப்பதைப் பற்றியது. நமக்கு வேண்டிய வலிமை அங்கேதான் கிடைக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

தொடங்குமுன் ஒரு தெளிவு வேண்டும். திருஅவையின் போதனைப்படி ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. புனிதர்களுக்கு நாம் தருவது வணக்கம். அவர்களிடம் கேட்பது பரிந்துரை. உயிரோடிருக்கும் நண்பரிடம் “எனக்காகச் செபியுங்கள்” என்று கேட்பதுபோலவே இறைவனிடம் சேர்ந்துவிட்டவரிடமும் கேட்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் கத்தோலிக்கர் அல்லர் என்றாலும், பரிந்துரை செபம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றாலும், கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் பின்பற்றலாம்.

முதல் படி: உங்கள் தேவையை ஒரே வரியில் எழுதுங்கள்

புனிதரைத் தேடுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது என்னை மிகவும் அழுத்துவது எது? பதில் குறிப்பாக இருக்கட்டும். “மன அமைதி வேண்டும்” என்பது எல்லாருக்கும் பொருந்தும். அதனாலேயே அது உதவாது. “மகன் என்னோடு பேசுவதில்லை”, “செபிக்க உட்கார்ந்தால் மனம் வறண்டு கிடக்கிறது”, “நான் செய்யாத தவறுக்கு என் பெயர் கெட்டிருக்கிறது”, “நோய் நீண்டுகொண்டே போகிறது” என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

இரண்டாம் படி: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

எழுதிய வரியைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் பெயர்கள் தாமே முன்வரும். பிள்ளைகளை நினைத்துக் கலங்குபவர்களுக்குப் புனித மோனிக்கா. செபம் கசந்துபோனவர்களுக்கு அவிலா நகர்ப் புனித தெரேசா. சின்னச் சின்ன எரிச்சல்களால் நாள்தோறும் தேய்ந்துபோகிறவர்களுக்குக் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. லிசியே நகர்த் தெரேசா என்றும் இவரைச் சொல்வார்கள். கடத்தல், அடிமைத்தனம், வன்முறை ஆகியவற்றின் வடுக்களோடு வாழ்பவர்களுக்குப் புனித ஜோஸ்பின் பக்கித்தா. கணவரை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர்களுக்குப் புனித எலிசபெத் ஆன் சீட்டன்; 1803இல் கணவர் இறந்தபோது இவருக்கு ஐந்து பிள்ளைகள். வேலையையும் குடும்பத்தையும் சேர்த்துச் சுமப்பவர்களுக்கு 1962இல் மறைந்த மருத்துவர் புனித ஜான்னா பெரெத்தா மொல்லா. அறிவு ஒருபக்கமும் நம்பிக்கை ஒருபக்கமுமாக இழுக்கப்படுகிறவர்களுக்கு எடித் ஸ்டெயின். நெடுநாள் நோயாளிகளுக்கு 1946இல், முப்பத்தாறு வயது நிறைவதற்கு முன்பே மறைந்த புனித அல்போன்சா.

திருஅவைக்குள்ளேயே காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஆஸ்திரேலியாவின் புனித மேரி மெக்கிலப். 1871இல் அவருடைய ஆயரே (அதாவது அவருடைய மறைமாவட்டத் தலைவரே) அவரைத் திருஅவையிலிருந்து விலக்கினார்; அடுத்த ஆண்டே அந்தத் தண்டனை நீக்கப்பட்டது; 2010இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதை இதைவிடக் கொடியது. 1431 மே 30 அன்று, ஆயர் ஒருவர் தலைமையேற்ற மன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து அவர் எரிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1456இல் அறிவிக்கப்பட்டது. புனிதர் பட்டம் கிடைத்தது 1920இல்.

பெயர் பொருத்தம், திருமுழுக்குப் பெயர், பிறந்த நாளில் வரும் திருநாள் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் முதன்முறை தேர்ந்தெடுப்பவர்கள் தேவையை வைத்துத் தேர்வதே நல்லது என்பேன். படிக்கும் ஆர்வம் தணிந்த பின்னும் தேவை நம்மை விடாது. அது அந்தப் புனிதரிடம் நம்மைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு போகும்.

தேர்ந்த பிறகு மாற்றாதீர்கள். குறைந்தது அவருடைய அடுத்த திருநாள் வரும்வரை அவரோடே இருங்கள். மோனிக்காவுக்கு ஆகஸ்ட் 27, லிசியே தெரேசாவுக்கு அக்டோபர் 1, அவிலா தெரேசாவுக்கு அக்டோபர் 15, பக்கித்தாவுக்குப் பிப்ரவரி 8.

மூன்றாம் படி: வரலாறு எது, மரபுக்கதை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் ஒரே தரத்தில் நமக்குக் கிடைப்பதில்லை. சிலர் தாங்களே எழுதியிருக்கிறார்கள். சிலரைப் பற்றி உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்னும் சிலரைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட மரபுக்கதைகள் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கதைகளிலும் அழகு உண்டு. அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆயினும் துன்பத்தில் இருக்கும் ஒருவர் சாய்ந்துகொள்ள உறுதியான தரை வேண்டும். அதனால் முதல் துணையாக, தம் சொந்தக் குரலை விட்டுச்சென்ற ஒருவரைத் தேர்வதே நல்லது.

அப்படிப்பட்ட குரல்களுக்குப் பஞ்சமில்லை. 203ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் தம் நம்பிக்கைக்காக உயிர்விட்டு மறைச்சாட்சியான பெர்பெத்துவா, சிறையில் இருந்தபோதே எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. பால்குடி மறக்காத குழந்தை இருந்தது. முதலில் சிறையின் இருட்டைக் கண்டு அஞ்சியதையும், குழந்தையைத் தம்மிடம் கொடுத்த பின் அதே சிறை அரண்மனைபோலத் தோன்றியதையும் அவரே சொல்கிறார். சியன்னா நகர்க் கத்தரினின் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரிக்கே அவர் அஞ்சாமல் எழுதியவர். ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவரைக் குற்றவாளியாக்க நடந்த விசாரணையின் பதிவுகளே அவருடைய குரலை நமக்குக் காப்பாற்றித் தந்துவிட்டன. “நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?” என்று நீதிபதிகள் கேட்டது ஒரு பொறி. ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். “இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் என்னை அதிலேயே காப்பாராக” என்றார் அந்தப் பெண். தம்மைச் சுற்றிப் படித்தவர்கள் கூடி நின்று மடக்கும்போது பதறாமல் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஒரு தாளில் நான்கு செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வாழ்ந்த இடம், அவரைப் பற்றி நமக்குச் சொன்னவர் யார். இவ்வளவு போதும்.

நான்காம் படி: அவர் திணறிய இடத்தைத் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் இதற்கு வழி ஒதுக்குவதற்கே. எப்படித் தேடுவது என்பதை இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன்.

மோனிக்காவின் கதையைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மகனுக்காக அழுது செபித்தார், மகன் மனம் மாறிப் புனித அகுஸ்தின் ஆனார். இந்த வரி உண்மைதான். ஆனால் இது யாரையும் தாங்கிப் பிடிக்காது. அகுஸ்தின் தாமே எழுதிய தன்வரலாற்றைத் திறந்தால் வேறொரு மோனிக்காவைப் பார்க்கிறோம். கணவர் பத்ரீசியு முன்கோபி, மனைவிக்கு உண்மையாக இருந்தவரும் அல்லர். நன்மைக்கும் தீமைக்கும் தனித்தனி ஆற்றல்கள் உண்டு என்ற மானிக்கேயக் கொள்கையில் மகன் சேர்ந்தபோது, அவரோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே பந்தியில் அமரவும் மறுத்த தாய் அவர். பின்னர் ஒரு கனவு கண்டு மனம் இளகி மீண்டும் சேர்த்துக்கொண்டார். ஆயர் ஒருவரிடம் போய், மகனிடம் பேசித் திருத்தும்படி கெஞ்சினார். அந்த ஆயரும் இளமையில் அதே கொள்கையில் இருந்தவர். “இப்போது பேசிப் பயனில்லை, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காகச் செபியுங்கள், படித்துப் படித்துத் தானே கண்டுகொள்வான்” என்றார். மோனிக்கா கேட்கவில்லை. கண்ணீர் பெருக மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். கடைசியில் ஆயருக்குப் பொறுமை போய்விட்டது. “போய் வாருங்கள், இவ்வளவு கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை அழிந்துபோக முடியாது” என்று அனுப்பிவைத்தார். பின்னாளில் புகழ்பெற்றுவிட்ட அந்த வாக்கு, சலித்துப்போன ஒருவர் வாயிலிருந்து வந்தது. அதையே வானத்திலிருந்து வந்த வாக்காக ஏற்றுக்கொண்டார் மோனிக்கா.

அதன்பிறகும் நிலைமை உடனே சீராகவில்லை. உரோமைக்குப் புறப்பட்ட மகன் தாயிடம் பொய் சொன்னார். நண்பர் ஒருவரை வழியனுப்பப் போவதாகச் சொல்லி, தாய் மறைச்சாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் செபித்துக்கொண்டிருந்த இரவில் கப்பலேறிவிட்டார். விடிந்ததும் கடற்கரையில் நின்று கதறினார் தாய். மகன் போய்விடக் கூடாது என்றுதான் அவர் அந்த இரவெல்லாம் செபித்திருந்தார். அந்தச் செபம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் மகனை மிலான் நகருக்கும், அம்புரோசு ஆயரிடமும், 387ஆம் ஆண்டுப் பாஸ்காவில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவில், திருமுழுக்கிற்கும் கொண்டு சேர்த்தது. அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுகத்தில், ஐம்பத்தாறு வயதில், மோனிக்கா இறந்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அகுஸ்தினோடு பல்லாண்டுகள் வாழ்ந்து அவருக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்த பெண், பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. மகனுக்கு வேறொரு திருமணம் பேசியதில் மோனிக்காவுக்குப் பெரும்பங்கு இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அகுஸ்தின் எழுதவில்லை. மோனிக்காவின் தாய்ப்பாசத்தை நேசிக்கும் நான், இந்தப் பக்கத்தை வலியோடுதான் படிக்கிறேன். புனிதர் என்பவர் எல்லா முடிவுகளையும் சரியாக எடுத்தவர் அல்லர். இதைத் தெரிந்துகொண்ட பின்பும் அவரை நேசிக்க முடிந்தால், உங்கள் தவறுகளோடு நீங்கள் கடவுளிடம் போகும் துணிவும் தானாக வரும்.

இரண்டாமவர் லிசியே தெரேசா. 1873இல் பிறந்து, பதினைந்து வயதில் கார்மேல் சபையின் துறவுமடத்தில் சேர்ந்து, 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயால் இருபத்து நான்கு வயதில் இறந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் அவர் வாழ்வில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் அவர் எழுதிவைத்த நினைவுகளில் ஒரு காட்சி வருகிறது. மடத்தில் ‘புனித பேதுரு’ என்ற துறவுப் பெயர் கொண்ட முதிய அருள்சகோதரி ஒருவர் இருந்தார். நடக்க முடியாதவர், எளிதில் குறை சொல்பவர். மாலைச் செபம் முடிவதற்குள் யாராவது எழுந்து அவரை உணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது கடினம் என்று தெரிந்தும் தெரேசா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும்போது முதியவர் தம் மணற்கடிகாரத்தை அசைப்பார். புறப்படலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். முதலில் அவருடைய முக்காலியை ஒரு குறிப்பிட்ட விதமாக எடுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. பின்னால் நின்று இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தாங்கியபடி நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமானால் “விழப்போகிறேன்” என்பார். மெதுவாகப் போனால் “உன் கை எங்கே, என்னை விட்டுவிட்டாயா” என்பார். “இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இந்த வேலை சரிப்படாது என்று அப்போதே சொன்னேன்” என்றும் முடிப்பார். உணவறையில் அவரை உட்காரவைத்து, சட்டைக் கைகளை அவர் விரும்பும் விதமாகவே மடித்துவிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது, போய்விடலாம்.

ஒருநாள் தெரேசா கவனித்தார்: வாதத்தால் முடங்கிய கைகளோடு அந்த முதியவர் ரொட்டியைத் துண்டாக்கச் சிரமப்படுகிறார். அவர் கேட்கவில்லை. தெரேசாவே துண்டாக்கிக் கொடுத்துவிட்டு, புறப்படும்போது தம்மால் முடிந்த மிக இனிய புன்னகை ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். முதியவரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது எல்லாவற்றையும்விட அந்தப் புன்னகைதான் என்று பின்னாளில் தெரியவந்தது. மறைவல்லுநர், அதாவது திருஅவைக்கே ஆசிரியர், என்று 1997இல் அறிவிக்கப்பட்ட பெண்ணின் ஞானம் விளைந்த நிலம் இதுதான்: ஒரு முக்காலி, ஒரு கச்சை, சில ரொட்டித் துண்டுகள்.

நீங்கள் தேர்ந்த புனிதரிடமும் இப்படி ஓர் இடத்தைத் தேடிப்பிடியுங்கள். ஒருநாளைக்கு இரண்டு பக்கம் போதும். படிக்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வையுங்கள். அவர் எதற்கு அஞ்சினார்? யார் அவரைப் புரிந்துகொள்ளவில்லை? அதற்கு மறுநாள் காலை அவர் என்ன செய்தார்? மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கும். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதைப் பின்பற்றக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெளிவாகச் சொல்லாமல் புனிதர்களைப் பற்றிப் பேசுவது பொறுப்பாகாது. புனிதர் செய்த அனைத்தும் நாம் செய்ய வேண்டியவை அல்ல.

சியன்னா கத்தரின் உணவை மிகக் கடுமையாக ஒதுக்கினார். முப்பத்து மூன்று வயதில் இறந்துவிட்டார். அவருடைய உண்மைத் துணிவு, நோயாளிகளுக்குச் செய்த பணி, ஆளுவோருக்கு அஞ்சாத பேச்சு இவையெல்லாம் நமக்குரியவை. அந்த உண்ணாமை நமக்குரியது அன்று. உணவோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண் அதைப் படித்துத் தன்னை வருத்திக்கொள்வது பக்தி ஆகாது, அது ஆபத்து. இந்த விஷயத்தில் அவிலா தெரேசாவைக் கேளுங்கள். தம்பி லொரென்சோவுக்கு எழுதிய கடிதங்களில், உடலை வருத்தும் ஒறுத்தல்களைக் குறைத்துக்கொள்ளவும் போதிய அளவு தூங்கவும் சொன்னவர் அவர்.

முரட்டுக் கணவரோடு வாழ்ந்தவராகச் சொல்லப்படும் புனித ரீத்தாவின் பெயரைச் சொல்லி, அடிக்கும் கணவரோடு பொறுத்துப்போகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ரீத்தா வாழ்ந்தது பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இருந்த வழிகள் மிகக் குறைவு. வன்முறையிலிருந்து வெளியேறுவது எந்தப் புனிதருக்கும் எதிரான செயல் அல்ல. பாதுகாப்பைத் தேடுங்கள், சட்டத்தின் உதவியைக் கேளுங்கள், நம்பகமானவர்களிடம் சொல்லுங்கள். செபமும் கூடவே நடக்கட்டும்.

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது பக்கித்தாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தம்மைக் கடத்தியவர்களைச் சந்தித்தால் மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்று அவர் சொன்னது உண்மை. அதைக் கேட்டு, இன்னும் காயம் ஆறாதவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். தயவுசெய்து அந்த வாழ்க்கையை வரிசைப்படி படியுங்கள். சூடானின் டார்பூர் பகுதியில் ஏறத்தாழ 1869இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டவர். சொந்தப் பெயரே மறந்துபோகும் அளவுக்கு அதிர்ச்சிக்குள்ளானவர். கைமாறிக் கைமாறி விற்கப்பட்டவர். உடலில் வெட்டி உப்பு தேய்த்த வடுக்களைச் சாகும்வரை சுமந்தவர். இத்தாலிக்கு வந்து வெனிஸ் நகரில் கன்னியரிடம் தங்கியிருந்தபோது, எசமானி அவரைத் திரும்ப ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப்போக வந்தார். பக்கித்தா வர மாட்டேன் என்றார். வழக்கு மன்றத்துக்குப் போனது. 1889 நவம்பர் 29 அன்று, அவர் சட்டப்படி அடிமையே அல்லர் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த சனவரியில் திருமுழுக்கு. பிறகு துறவு வாழ்க்கை. பல ஆண்டுகள் சமையலறையிலும் வாயிற்படியிலும் பணி. மன்னிப்பைப் பற்றிய அந்தச் சொற்கள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகின்றன. மன்னிப்பதற்கு முன் “வர மாட்டேன்” என்று சொல்லிச் சுதந்திரமானவர் அவர். உங்கள் காயம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, பக்கித்தாவின் வாழ்விலும் அதே கட்டத்தில் போய் அவரைச் சந்தியுங்கள். கடைசிப் பக்கத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

ஆறாம் படி: பேசுங்கள்

நவநாள் செபப் புத்தகங்கள் இருக்கின்றன, பயன்படுத்தலாம். ஒன்பது நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் ஒரே கருத்துக்காகச் செபிப்பது மனதைக் குவிக்கும் நல்ல பயிற்சி. ஆனால் தொடக்கத்தில் உங்கள் சொந்தச் சொற்களே போதும். ஓர் அமைதியான இடம், ஐந்து நிமிடம். முதலில் கடவுளின் முன்னிலையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் படியில் எழுதிய வரியைப் புனிதரிடம் சொல்லுங்கள். “மோனிக்காவே, கடற்கரையில் நின்ற அந்தக் காலை உங்களுக்குத் தெரியும். என் மகளுக்காக என்னோடு சேர்ந்து செபியுங்கள்.” இவ்வளவு எளிமையாக இருக்கலாம். கடைசியில் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள்.

பேரம் பேச வேண்டாம். இதைச் செய்தால் அதைச் செய்கிறேன் என்ற கணக்கும், இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று பரவும் செபச் சங்கிலியும் நம்பிக்கையைச் சார்ந்தவை அல்ல. அச்சத்தை விதைக்கும் எதையும் ஒதுக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: ஒரே ஒரு சின்னச் செயல்

வாரத்துக்கு ஒன்று போதும். லிசியே தெரேசாவோடு நடப்பவர் வீட்டில் மிகவும் எரிச்சலூட்டும் ஒருவருக்குக் கேட்காமலே ஓர் உதவி செய்யலாம். ஜான்னாவோடு நடப்பவர் தம் வேலையில் அலட்சியமாகச் செய்துவந்த ஒன்றை அக்கறையோடு செய்யலாம். மேரி மெக்கிலப்போடு நடப்பவர் தம்மைக் காயப்படுத்தியவரைப் பற்றி ஒரு வாரம் யாரிடமும் இழிவாகப் பேசாமல் இருக்கலாம். செயல் பிறர் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது. பெரிய சபதங்கள் எடுக்காதீர்கள். அவை இரண்டாம் வாரத்திலேயே தளர்ந்துவிடும்.

எட்டாம் படி: வறட்சி வரும்போது விட்டுவிடாதீர்கள்

சில வாரங்களில் ஆர்வம் வற்றும். படித்தது எதுவும் தொடாது. புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான், “எனக்கு இது ஒத்துவரவில்லை” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். செபத்தின் ஆசிரியையாகவே திருஅவை போற்றும் அவிலா தெரேசா என்ன எழுதுகிறார் தெரியுமா? பல ஆண்டுகள், செபத்துக்கு ஒதுக்கிய மணி நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க உட்காரவே பதினெட்டு ஆண்டுகள் துணியவில்லையாம். லிசியே தெரேசா செபவேளையில் அடிக்கடி தூங்கிவிட்டார். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்கு அன்பு ஒன்றுதான் என்று சொல்லித் தேற்றிக்கொண்டார். வாழ்வின் கடைசிப் பதினெட்டு மாதங்கள் அவரை நம்பிக்கையைச் சோதிக்கும் இருள் மூடியிருந்தது. கொல்கொத்தா அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணரவே இல்லை என்பதை, அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 2007இல் வெளியான கடிதங்கள் காட்டின. அந்த இருளோடுதான் அவர் ஒவ்வொரு நாளும் எழுந்து வேலைக்குப் போனார்.

ஆகவே வறட்சி வந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி. ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம்.

ஒன்றை மட்டும் வேறுபடுத்திப் பாருங்கள். செபத்தில் வறட்சி இருந்தும் மற்ற வேலைகள் நடக்கின்றன என்றால் அது ஆன்ம வாழ்வின் இயல்பான பருவம். தூக்கமும் பசியும் போய், எதிலும் விருப்பமற்று, உயிர்வாழவே மனமில்லை என்ற நிலை என்றால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். குழந்தை மருத்துவராகவே வாழ்ந்து புனிதரானவரும் இந்த வரிசையில் இருக்கிறார். மருத்துவம் நம்பிக்கைக்குக் குறைவானது என்று எந்தப் புனிதரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் படி: அடுத்த துணையை அவரே காட்டுவார்

சில மாதங்கள் கழிந்த பின், இன்னொருவரையும் அறிய ஆவல் வரும். அப்போது மீண்டும் பட்டியலைத் தேடிப்போக வேண்டாம். உங்கள் புனிதர் யாரிடமிருந்து வலிமை பெற்றார் என்று பாருங்கள். ஏனெனில் நீங்கள் செய்துவருவதை அவர்களும் செய்தார்கள். லிசியே தெரேசா ஜோன் ஆஃப் ஆர்க்கின் மீது தீராத அன்பு கொண்டவர்; மடத்தில் ஜோனைப் பற்றி நாடகம் எழுதி, அந்த வேடத்தைத் தாமே ஏற்று நடித்தார். அன்னை தெரேசா தம் துறவுப் பெயரை லிசியே தெரேசாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் நம்பிக்கையை இளமையிலேயே கைவிட்டிருந்த எடித் ஸ்டெயின், 1921இல் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவிலா தெரேசாவின் தன்வரலாற்றை எடுத்தார். ஓர் இரவில் படித்து முடித்தார். 1922 சனவரி 1 அன்று திருமுழுக்குப் பெற்றார். 1933இல் தெரேசாவின் கார்மேல் சபையிலேயே சேர்ந்து, தெரேசா பெனெதிக்தா என்று பெயர் ஏற்றார். 1942 ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

அவிலா தெரேசாவோ, மகதலா மரியாவிடம் அடிக்கடி தம்மை ஒப்படைத்ததாக எழுதுகிறார். ஆக, எடித் ஸ்டெயினில் தொடங்கியவர் ஒருவர் பின் ஒருவராகப் பின்னோக்கி நடந்தால், உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களிடம் சொன்ன பெண்ணிடமே போய்ச் சேரலாம். அவருடைய பகுதி யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது, பதினெட்டு வசனங்கள்தாம். இன்னும் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாமல் தயங்குகிறீர்கள் என்றால், அங்கிருந்தே தொடங்கலாம்.